தேய்ந்த பேரிங்: தேயிலைத் தொழிற்சாலையில் கற்றது, கடலில் உதவுகிறது

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்பா தொழிற்சாலை பிட்டர். நீண்ட சாஃப்டில் பட்டி மாட்டி ரோலர்கள் ஓடிய காலம். 1977 வன்செயலோடு வன்னிக்கு வந்தோம். அவரிடம் கற்றதை வைத்தே முல்லைத்தீவில் படகு திருத்துகிறேன்.

உள்ளே இயந்திரம் பூட்டிய படகுகள் பலவற்றில், புரொப்பெல்லருக்கு அருகே சாஃப்டைத் தாங்குவது பித்தளைக் குழலுக்குள் இருக்கும் றப்பர். அதன் பள்ளங்களில் ஓடும் நீரே அதற்கு எண்ணெய்.

படகைக் கரையேற்றி, சாஃப்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். 25 மில்லிமீற்றர் சாஃப்டில் ஆட்டம் ஒன்றரை மில்லிமீற்றரை எட்டினால் மாற்றுங்கள்.

சாஃப்டைக் கழற்றி, பூட்டுத் திருகாணிகளைத் தளர்த்துங்கள். குழல் இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள். வாள் அலகால் உட்புறம் நீளவாக்கில் அறுத்தால் சுருங்கி வரும். வெளித் தாங்கியில் வெட்டுப் படக்கூடாது. புதியதைச் சாஃப்டில் ஏற்றச் சவர்க்கார நீர் போதும். கிறீஸ் றப்பரைக் கெடுக்கும்.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், பெரும்பாலும் இயந்திரமும் சாஃப்டும் நேர்கோட்டில் இல்லை. படகு மிதக்கும்போது அதைச் சரிபாருங்கள்.

"தேஞ்சத மாத்துறதுக்கு முன்னால, ஏன் தேஞ்சிச்சின்னு பாரு" என்பார் அப்பா. இழுத்துவர இன்னொரு படகு இல்லாத இரவுகளை நாங்கள் கண்டிருக்கிறோம்.