‘அனார்க்கி இன் த யு.கே.’ பாடலும் ஆண்ட்ரிம் கலவரமும்

‘அனார்க்கி இன் த யு.கே.’ என்பது லண்டனைச் சேர்ந்த செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு. 1976 நவம்பர் 26 அன்று வெளிவந்தது. அதன்பின் பல ராக் குழுக்கள் இதைத் தம் பாணியில் மீண்டும் பாடியுள்ளன. இப்படிப் பாடுவதை ராக் ரசிகர்கள் ‘கவர்’ என்பார்கள். இந்தக் கவர்களில் அதிகம் விவாதிக்கப்பட்டது அமெரிக்காவின் மெகாடெத் குழு பாடியது. பாடலின் சொற்கள் அதில் மாறிப்போயிருந்தன. 1988 மே மாதம் வட அயர்லாந்தின் ஆண்ட்ரிம் நகரில் அக்குழு இதே பாட்டை மேடையில் பாடியபோது ரசிகர்களிடையே கலவரம் மூண்டது. ஒரு பாட்டைப் பிசிறாகப் பாடுவதற்கும் பொருள் தெரியாமல் பாடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது.

பாடல் உருவான விதம்

1970களின் நடுப்பகுதியில் பிரிட்டனில் வேலையின்மையும் விலைவாசியும் உயர்ந்திருந்தன. ராக் இசையோ நீண்ட கிட்டார் ஆலாபனைகளும் பெரிய அரங்குகளுமாக, சாதாரண இளைஞர்களின் கைக்கு எட்டாத ஒன்றாகிவிட்டிருந்தது. இதற்கு எதிர்வினையாக எழுந்ததே பங்க். நான்கைந்து கிட்டார் பிடிகள் தெரிந்தால் போதும், யாரும் மேடையேறலாம் என்பது அதன் அடிப்படை.

ஜானி ராட்டன், ஸ்டீவ் ஜோன்ஸ், கிளென் மேட்லாக், பால் குக் ஆகிய நால்வரும் சேர்ந்து எழுதிய இப்பாடலை இ.எம்.ஐ. நிறுவனம் வெளியிட்டது. 1976 டிசம்பர் 1 அன்று பில் கிரண்டி நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குழுவினர் நேரலையில் கெட்ட வார்த்தைகள் பேசினார்கள். மறுநாள் நாளிதழ்கள் கொதித்தெழுந்தன. அம்மாத இசைப்பயணத்தின் பெரும்பாலான கச்சேரிகள் ரத்தாயின. 1977 ஜனவரியில் இ.எம்.ஐ. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அதற்குள் பாடல் பிரிட்டன் தரவரிசையில் 38ஆம் இடத்தைத் தொட்டிருந்தது.

பாடலின் ஓரிடத்தில் மூன்று ஆயுதக் குழுக்களின் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. அங்கோலாவின் எம்.பி.எல்.ஏ., வட அயர்லாந்தில் பிரிட்டனுடன் இணைந்திருக்க விரும்பியவர்களின் யு.டி.ஏ., அதே மண்ணில் ஐக்கிய அயர்லாந்துக்காகப் போராடிய ஐ.ஆர்.ஏ. ஒன்றையொன்று எதிர்த்த இரண்டு அயர்லாந்துக் குழுக்களையும் பாடல் ஒரே மூச்சில் சொல்கிறது. எந்தப் பக்கமும் சாயவில்லை. நாடு இருக்கும் நிலையைக் கேலி செய்வதோடு நின்றுகொள்கிறது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

பிசிறு பங்க்கின் இலக்கணமா?

பங்க் பாடல்களின் கவர்களைப் பற்றி ரசிகர்கள் பேசும்போது இரண்டு கட்சிகள் உருவாவது வழக்கம். தாளம் தப்பினாலும் சொல் மறந்தாலும் கவலையில்லை, பங்க் என்றாலே அப்படித்தான் என்பார்கள் ஒரு சாரார். பாட்டை மதிப்பவர் அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டுதான் மேடையேற வேண்டும் என்பார்கள் மறு சாரார்.

முதல் கட்சியின் வாதம் இந்தப் பாடலுக்கு முழுமையாகப் பொருந்தாது. டேவ் குட்மன் தயாரிப்பில் செய்யப்பட்ட தொடக்கப் பதிவுகள் கைவிடப்பட்ட பிறகு, கிறிஸ் தாமஸ் தயாரிப்பில்தான் இறுதி வடிவம் பதிவானது. பிங்க் ஃப்ளாய்டின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ தொகுப்பின் ஒலிக்கலவையில் பங்குபெற்றவர் அவர். ஸ்டீவ் ஜோன்ஸின் கிட்டாரை ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பதிவு செய்து, சுவர் போன்ற கனமான ஒலியை உருவாக்கினார். கேட்பதற்கு முரட்டுத்தனமாக இருக்கும் இப்பதிவு மிகுந்த கவனத்துடன் செய்யப்பட்டது.

இரண்டாம் கட்சியின் வாதத்துக்கும் விதிவிலக்கு உண்டு. 1978 ஜனவரி 14 அன்று சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் கடைசியாகப் பாடியது ‘நோ ஃபன்’. அது ஸ்டூஜஸ் குழுவின் 1969ஆம் ஆண்டுப் பாடல். உடல்நலம் குன்றிய பாடகர், உடைந்துகொண்டிருந்த குழு, தள்ளாடும் இசை. முடிவில் ராட்டன், ஏமாற்றப்பட்டதாக எப்போதாவது உணர்ந்திருக்கிறீர்களா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு இறங்கினார். சில நாட்களில் குழு கலைந்தது. அந்தத் தாறுமாறான கவர் இன்றும் விரும்பிக் கேட்கப்படுகிறது. பாடியவருக்குத் தான் என்ன பாடுகிறோம் என்பதும், யார் முன்னால் நிற்கிறோம் என்பதும் நன்றாகவே தெரிந்திருந்தன.

மெகாடெத்தின் கவர்

மெட்டாலிகா குழுவிலிருந்து நீக்கப்பட்ட டேவ் மஸ்டெய்ன் 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய குழு மெகாடெத். வேகமும் நுணுக்கமும் கொண்ட த்ராஷ் மெட்டல் இவர்களின் வகை. வாசிப்பில் குறை சொல்ல முடியாதவர்கள். 1988 ஜனவரியில் வெளியான ‘சோ ஃபார், சோ குட்... சோ வாட்!’ தொகுப்பில் ‘அனார்க்கி இன் த யு.கே.’ இடம்பெற்றது. பாடலை உருவாக்கிய நால்வரில் ஒருவரான ஸ்டீவ் ஜோன்ஸே வந்து கிட்டார் வாசித்தார்.

ஆனால் சொற்கள் பிசகின. மஸ்டெய்ன் எழுத்து வடிவத்தைப் பார்க்காமல், காதில் விழுந்ததைப் பாடியிருந்தார். இதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். பிரிட்டனில் நகராட்சி ஏழைகளுக்கு வாடகைக்கு விடும் வீடுகளைக் குறித்த ஒரு சொற்றொடர் அவர் வாயில் வெறும் கொச்சை வசையாகிவிட்டது. அப்படிப்பட்ட குடியிருப்பில் வாழ்ந்தவருக்கு அந்தச் சொல் தவறாகக் கேட்டிருக்காது. ரசிகர்கள் பெரும்பாலும் இதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

வட அயர்லாந்தும் இசை மேடைகளும்

1960களின் இறுதி முதல் 1998 வரை வட அயர்லாந்தில் நீடித்த மோதலில் சுமார் 3,500 பேர் உயிரிழந்தனர். ஐக்கிய அயர்லாந்து கேட்டவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். பிரிட்டனுடன் இருக்க விரும்பியவர்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். பள்ளி, தெரு, மதுக்கடை எல்லாமே பிரிந்து கிடந்தன.

இசைக் கலைஞர்களும் தப்பவில்லை. 1975 ஜூலை 31 அன்று கச்சேரி முடித்துத் திரும்பிய மயாமி ஷோபேண்ட் குழுவின் வண்டியைப் போலி ராணுவச் சோதனைச் சாவடியில் யு.வி.எஃப். ஆயுதக் குழுவினர் மறித்தனர். மூன்று இசைக்கலைஞர்கள் கொல்லப்பட்டனர். இரு தரப்பினரும் சேர்ந்து வாசித்த குழு அது. அதன்பின் வெளியூர்க் குழுக்கள் அங்கு வரத் தயங்கின. 1977 அக்டோபரில் பெல்ஃபாஸ்டில் நடக்கவிருந்த த கிளாஷ் குழுவின் கச்சேரியும் காப்பீடு திரும்பப் பெறப்பட்டதால் ரத்தானது.

இருந்தும் அங்கு பங்க் வேர்விட்டது. இரு தரப்பு இளைஞர்களும் ஒரே கூடத்தில் நிற்கக் கிடைத்த சில இடங்களில் பங்க் கச்சேரியும் ஒன்று. பெல்ஃபாஸ்டின் ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் குழு 1979இல் பாப் மார்லியின் ‘ஜானி வாஸ்’ பாடலைக் கவர் செய்தது. வழிதவறி வந்த தோட்டாவுக்கு மகனைப் பறிகொடுத்த தாயின் பாட்டு அது. அதன் களத்தைப் பெல்ஃபாஸ்டுக்கு மாற்றிப் பாடினார்கள். இங்கும் சொற்கள் மாறின. ஆனால் தெரிந்தே, தம் ஊரின் துயரத்தைச் சொல்வதற்காக மாற்றினார்கள்.

ஆண்ட்ரிம், 1988 மே

மெகாடெத் வந்த நேரம் மோசமானது. 1988 மார்ச் 6 அன்று ஜிப்ரால்டரில் ஐ.ஆர்.ஏ. உறுப்பினர்கள் மூவரைப் பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் சுட்டுக் கொன்றனர். மார்ச் 16 அன்று பெல்ஃபாஸ்டின் மில்டவுன் கல்லறைத் தோட்டத்தில் அவர்களின் இறுதிச் சடங்கின்போது தாக்குதல் நடந்து மேலும் மூவர் இறந்தனர். மார்ச் 19 அன்று அப்படி இறந்த ஒருவரின் சவ ஊர்வலத்துக்குள் வண்டியோடு சிக்கிய இரண்டு பிரிட்டிஷ் ராணுவ வீரர்கள் கொல்லப்பட்டனர். இரண்டே மாதம் கழித்து ஆண்ட்ரிமில் கச்சேரி.

அன்று நடந்ததை மஸ்டெய்ன் பிற்காலத்தில் விவரித்திருக்கிறார். அரங்கில் சிலர் மெகாடெத் பெயரில் திருட்டுச் சட்டைகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தடுக்க முனைந்தபோது, ‘த காஸ்’, அதாவது ‘இலட்சியம்’, அதற்காக நிதி திரட்டுகிறார்கள் என்று சொல்லப்பட்டது. அவர் அதைக் கேட்டு நல்ல காரியம் என்றே நினைத்தார். அந்த ஊரில் அச்சொல் எந்தத் தரப்பைக் குறிக்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை. குடித்தும் இருந்தார். கச்சேரியின் கடைசியில் ‘அனார்க்கி இன் த யு.கே.’ பாடலைத் தொடங்கும் முன், இது அந்த இலட்சியத்துக்கு என்று அறிவித்தார்.

கூட்டம் இரண்டாகப் பிளந்து மோதியது. குழுவினரைக் குண்டு துளைக்காத பேருந்தில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. சேர்ந்து நின்று கேட்க வந்தவர்களை, யார் எந்தத் தரப்பு என்று ஒரே வாக்கியம் அடையாளம் காண வைத்துவிட்டது.

விளைவு

இந்த அனுபவத்திலிருந்து மஸ்டெய்ன் எழுதியதே ‘ஹோலி வார்ஸ்... த பனிஷ்மெண்ட் டியூ’. 1990இல் வெளியான ‘ரஸ்ட் இன் பீஸ்’ தொகுப்பின் முதல் பாடல் இது. மதத்தின் பெயரால் நடக்கும் கொலைகளைக் கண்டிக்கும் இப்பாடல் மெகாடெத்தின் சிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

மெகாடெத்தின் கவரைப் பற்றிய விவாதம் வழக்கமாகத் தவறான சொற்களைச் சுற்றியே நடக்கிறது. ஸ்டுடியோவில் நகராட்சி வீடு என்னவென்று தெரியாததால் ஒரு சொல் கெட்டது. ஆண்ட்ரிமில் ‘இலட்சியம்’ என்றால் என்னவென்று தெரியாததால் ஒரு கச்சேரியே கெட்டது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பாட்டு யாருடைய வாழ்க்கையிலிருந்து வந்ததோ, அதைப் பாடியவர் விசாரிக்கவில்லை. இரு தரப்பையும் ஒரே மூச்சில் கேலி செய்த பாடலை, ஒரு தரப்பின் கொடியாக்கிக் கூட்டத்தின் முன் நீட்டிவிட்டார். சுருதியும் தாளமும் சுத்தமாக இருந்தாலும் அந்தப் பிழையை அவை சரிசெய்திருக்க முடியாது.