ஐயம் நீக்கும் எழுத்து

எழுதுகோலைக் கொண்டு அல்லாஹ் கற்பித்தான் என்பது நம் பிள்ளைகள் ஓதப் பழகும் நாளிலேயே அறிந்த செய்தி. எழுதும்போது நம் சிந்தனைக்கு என்ன நேர்கிறது என்பதை மட்டும் இங்கே பேச விழைகிறேன்.

கடன் பற்றிய திருவசனம்

அல்-குர்ஆனின் மிக நீண்ட வசனம், ஸூறத்துல் பகறாவின் 282ஆவது வசனம். தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு அது பணிக்கிறது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும். கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். சிறிதோ பெரிதோ, எழுதச் சலிக்கக் கூடாது. காரணங்களையும் அவ்வசனமே தருகிறது: அல்லாஹ்விடத்தில் அது நீதியானது, சாட்சியத்துக்கு உறுதியானது, ஐயம் எழாதிருக்க ஏற்றது.

மூன்றாவது காரணத்தில் என் மனம் தங்கிவிடுகிறது. எவ்வளவு, யாருக்கு, எந்தத் தவணைக்கு என்று எழுதத் தொடங்கும்போதுதான், பேசி முடித்ததாக எண்ணிய கொடுக்கல் வாங்கலில் முடிவாகாதது எதுவெனத் தெரியவரும். கருத்துக்கும் இதுவே நியதி. தெளிந்துவிட்டதாக நாம் நம்பும் எண்ணம், வசனமாக மாறும் வேளையில்தான் தன் குறையைக் காட்டும்.

இமாம் கஸ்ஸாலியின் வழி

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (றஹ்) பக்தாதில் முந்நூறு மாணவர்களுக்குக் கற்பித்துக்கொண்டே தத்துவ நூல்களைத் தாமாகப் படித்தார்கள். ஒரு கொள்கையை அதன் ஆழம்வரை அறியாமல் மறுப்பது இருளில் அம்பெய்வதே என்பது அவர்கள் நிலைப்பாடு. ‘தஹாஃபுத்’ என்னும் மறுப்பு நூலை எழுதிய அப்பேரறிஞர், தத்துவவாதிகளின் கருத்துகளையே விளக்கி ‘மகாஸித்’ என்ற நூலும் யாத்தார்கள். முன்னுரையின்றி லத்தீனில் அதைப் படித்த ஐரோப்பியர், இமாமையே அத்தத்துவவாதிகளுள் ஒருவராக எண்ணினர். எதிர்த்தரப்பை அத்துணை நேர்மையாக எழுதிய பேனா அது!

நம் மண்ணின் கடமை

கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த பேராசிரியர் எம். ஏ. நுஃமான், ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ நூலில் இன்றைய எழுத்துத் தமிழின் விதிகளை எளிய நடையில் விளக்கியிருக்கிறார். இத்தகைய அறிஞரைப் பெற்ற ஊரின் மாணவர்கள், பிறர் தந்த குறிப்பைப் பிரதிசெய்வதோடு நின்றுவிடலாமா? கற்ற பாடத்தைப் புத்தகத்தை மூடிவைத்துச் சொந்த வசனத்தில் எழுதுங்கள். உடன்படாத கருத்தை, அதற்குரியவரே ஒப்புக்கொள்ளும்படி முதலில் எழுதுங்கள், பின்னர் மறுத்துரையுங்கள்.

தம் சொல்லை மக்கள் விளங்கிக்கொள்வதற்காகவே நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு நபி மூஸா (அலை) இறைஞ்சினார்கள். அந்த துஆவை நம் பேனாவுக்கும் கேட்போம், கேட்டதற்கேற்ப உழைப்போம். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.