எச்ஐவி தொற்றுள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் அபாயம் 6 மடங்கு அதிகம்: 25 வயதிலேயே பரிசோதனை தேவை

எச்ஐவி தொற்றுடன் வாழும் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏற்படும் அபாயம், அத்தொற்று இல்லாதவர்களைவிட 6 மடங்கு அதிகம் என்று உலக சுகாதார அமைப்பு தெரிவிக்கிறது. இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது இந்நோய்தான்.

பாலுறவு வழியாகப் பரவும் எச்பிவி எனும் மனித பாப்பிலோமா வைரஸே இதற்கு முதன்மைக் காரணம். இவற்றில் 16, 18 ஆகிய வகைகளால் மட்டும் சுமார் 70 சதவீத பாதிப்புகள் ஏற்படுகின்றன.

வேறுபாடு என்ன?

நோய் எதிர்ப்புத் திறன் இயல்பாக உள்ள பெரும்பாலான பெண்களின் உடலிலிருந்து இவ்வைரஸ் தானாகவே நீங்கிவிடும். நீங்காத நிலையில், உயிரணுக்களில் தோன்றும் மாற்றம் புற்றுநோயாக வளர 15 முதல் 20 ஆண்டுகள் ஆகலாம். எச்ஐவிக்கு உரிய சிகிச்சை பெறாதவர்களுக்கோ, இக்காலம் 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கக்கூடும்.

எப்போது பரிசோதனை?

பொதுவாகப் பெண்கள் 30 வயது முதல் 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை செய்துகொள்ளலாம். எச்ஐவி தொற்றுள்ளவர்கள் 25 வயது முதல் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது.

தடுப்பு வழிகள்

உள்நாட்டுத் தயாரிப்பான செர்வாவேக் தடுப்பூசிக்கு 2022-ல் அனுமதி அளிக்கப்பட்டது. தடுப்பூசி செலுத்திக்கொண்டாலும் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. அரசு ஏஆர்டி மையங்களில் இலவசமாக வழங்கப்படும் கூட்டு மருந்துகளை எச்ஐவி தொற்றுள்ளவர்கள் இடைவிடாது உட்கொள்வதும் இன்றியமையாதது.