கத்தரிக்கோலும் கிரேக்கத் தெய்வங்களும்

மைடாஸ் அரசனின் கதையை அறியாதவர் குறைவு. தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டும் என்று வரம் பெற்றவன், ஆசையோடு ஓடிவந்த மகளைத் தழுவுகிறான்; அவள் பொற்சிலையாகிறாள். கதை கேட்டவர் நெஞ்சிலெல்லாம் நிற்பது அந்தச் சிறுமியின் உறைந்த முகந்தான். ஆனால் இக்கதையை உலகுக்கு விட்டுச்சென்ற ரோமானியக் கவி ஒவிடிடம் அப்படியொரு மகளே இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'மெட்டமார்ஃபஸிஸ்' காவியத்தில் உணவும் மதுவும் பொன்னாகின்றன, பசியால் வாடிய அரசன் பாக்டோலஸ் ஆற்றில் முழுகி மீள்கிறான், அவ்வளவே. மகளைச் சேர்த்து, மேரிகோல்ட் என்று பெயரும் இட்டவர் அமெரிக்க நாவலாசிரியர் நதானியேல் ஹாதார்ன். இவள் இடைச்செருகல் என்பதை அவருடைய கதைசொல்லியே குறும்பாக ஒப்புக்கொள்கிறான்.

1851ஆம் ஆண்டுக் கோடையில், மாசசூசெட்ஸின் லெனாக்ஸ் கிராமத்தில் இருந்தபோது ஹாதார்ன் 'எ ஒண்டர்-புக்' என்ற நூலை எழுதினார். யூஸ்டஸ் பிரைட் என்னும் கல்லூரி மாணவன் குழந்தைகளைச் சுற்றி அமர்த்திக்கொண்டு கிரேக்கக் கதைகளைச் சொல்வதாக அமைந்த நூல் அது. (பக்கத்து ஊரான பிட்ஸ்ஃபீல்டில் அதே கோடையில் ஹெர்மன் மெல்வில் தமது வெள்ளைத் திமிங்கிலத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார், நூலின் இறுதியில் அதற்கும் ஒரு குறிப்பு உண்டு.) பண்டிதர்களின் பேழையில் பளிங்குபோல் குளிர்ந்து கிடந்த கதைகளை மீண்டும் சூடேற்றிய பெருமை அவரையே சாரும். 1853இல் 'டாங்கில்வுட் டேல்ஸ்' என்ற இரண்டாம் தொகுதியும் வந்தது.

ஆனால் இந்தச் சூட்டுக்கு அவர் கொடுத்த விலையையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும். பாதாள வேந்தன் புரோசர்பினாவைக் கவர்ந்து செல்வது மூலத்தில் மனைவியாக்கிக்கொள்வதற்காக. ஹாதார்னிடம் அவள் ஒரு சிறுமி. அவனோ இருண்ட அரண்மனையில் குழந்தைச் சிரிப்புக்கு ஏங்கும் தனியன். மூலத்தில் தீசியஸ் தன்னைக் காப்பாற்றிய அரியாட்னியை நாக்ஸஸ் தீவில் உறங்கவிட்டுக் கைவிடுகிறான். ஹாதார்னிடம் அவளே, முதிய தந்தையை விட்டு வர இயலாது என்று கிரீட்டில் தங்கிவிடுகிறாள். பண்டோரா ஒரு பெட்டியைத் திறந்த சுட்டிப்பெண். காமம் போயிற்று, அதோடு துரோகமும் போயிற்று. துரோகம் போனால் கைவிடப்பட்டவர்களும் கதையிலிருந்து காணாமல் போவார்கள் அல்லவா?

இதில் நம்மை வியக்கவைக்கும் முரண் ஒன்றுண்டு. இதே ஹாதார்ன் ஓராண்டு முன்னர், 1850இல், 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலை எழுதியிருந்தார். தன் குழந்தையை ஊரறிய ஏற்க அஞ்சி ஏழாண்டு ஒளிந்து வாழும் ஒரு தந்தையின் கதை அது. பேர்ல் என்னும் அச்சிறுமி, பட்டப்பகலில் எங்கள் கையைப் பற்றுவாயா என்ற கேள்வியோடு அவனைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். ஏற்கப்படாத குழந்தையின் வேதனையை அமெரிக்க இலக்கியத்தில் அவ்வளவு கூர்மையாக எழுதியவர், அத்தகைய குழந்தைகளால் நிரம்பி வழியும் கிரேக்கத் தொன்மத்தைக் குழந்தைகளிடம் கொண்டுசென்றபோது அந்த வேதனையையே கத்தரித்து எறிந்தார். பெரியவர்களுக்கு ஒரு நீதி, குழந்தைகளுக்கு வேறொன்று என்று அவர் காலம் நினைத்தது, அவரும் நினைத்தார்.

இங்கிலாந்தின் பாதிரியார் சார்ல்ஸ் கிங்ஸ்லிக்கு ஹாதார்னின் செல்லங்கொஞ்சல் பிடிக்கவில்லை. தம் பிள்ளைகளுக்காக அவர் 1856இல் வெளியிட்ட 'தி ஹீரோஸ்' நூலில் பெர்சியஸ், ஆர்கோ கப்பலின் வீரர்கள், தீசியஸ் ஆகியோரின் கதைகள் கம்பீரமான நடையில் வருகின்றன. அரியாட்னி கைவிடப்பட்டதாகச் சிலர் சொல்வர் என்று அவர் பட்டும் படாமலும் கடந்துபோகிறார். எனினும் ஒரு காட்சியை அவர் முழுமையாகவே தருகிறார். தந்தை பாறைக்கடியில் வைத்துச்சென்ற வாளையும் காலணியையும் எடுக்க, இளைஞன் தீசியஸ் ஆண்டுதோறும் முயன்று தோற்று, கடைசியில் பாறையைப் புரட்டுகிறான். பெயரறியாத தந்தையைத் தேடிப் புறப்படும் மகன்: நூற்றைம்பது ஆண்டு கழித்து முளைக்கவிருந்த விதை அங்கே கிடந்தது.

இடைப்பட்ட காலத்தில் கிரேக்கத் தெய்வங்கள் மறுகூறலை விட்டு வெளியேறி, புதிதாகப் புனையப்பட்ட சிறார் நாவல்களுக்குள் நுழைந்தன. ஈ. நெஸ்பிட்டின் 'தி என்சான்டட் காஸில்' (1907) நாவலில் தோட்டத்துப் பளிங்குச் சிலைகள் நிலவொளியில் உயிர்பெற்று, சிறுவர்களோடு ஏரித் தீவில் விருந்துண்கின்றன. சி.எஸ். லூயிஸின் நார்னியாவோ (1950) பனிக்காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடக்கும் ஒரு ஃபானின் மனச்சித்திரத்திலிருந்து பிறந்தது. இவையெல்லாம் அழகானவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இத்தெய்வங்கள் விருந்தாளிகளாக வந்துபோகின்றன. அவற்றுக்குக் குடும்பம் இல்லை, ஆகவே குடும்பச் சண்டையும் இல்லை.

அந்தச் சண்டையைக் கூசாமல் திறந்தது 1970இல் லியோன் கார்ஃபீல்டும் எட்வர்ட் பிளிஷனும் சேர்ந்தெழுதிய 'தி காட் பினீத் தி ஸீ'. முதல் பக்கமே வானிலிருந்து வீழும் ஒரு பச்சிளங்குழந்தை. அழகற்றது என்று தாய் ஹீராவால் வீசியெறியப்பட்ட ஹெஃபெஸ்டஸ் கடலுக்குள் விழுகிறான். தீட்டிஸ் எடுத்து வளர்க்கிறாள். இது சிறுவர் நூல்தானா என்ற கேள்வியை மீறி அவ்வாண்டின் கார்னகி பதக்கம் அதற்குக் கிடைத்தது. சார்ல்ஸ் கீப்பிங்கின் கலங்கடிக்கும் சித்திரங்களும் அதற்குத் துணை.

இனி ரிக் ரையார்டன். டெக்சாஸ்காரர், நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலமும் வரலாறும் கற்பித்தவர், பெரியவர்களுக்கான துப்பறியும் நாவல்களும் எழுதியவர். கவனக்குறைவும் வாசிப்புத் தடுமாற்றமும் இருந்த தம் மகனுக்கு அவர் இரவில் கிரேக்கக் கதைகளைச் சொல்லிவந்தார். சொல்லக் கதையில்லாது போனபோது மகன் புதிதாக ஒன்றைக் கேட்க, பெர்ஸி ஜாக்ஸன் பிறந்தான். 'தி லைட்னிங் தீஃப்' 2005இல் வெளியானது. ஐந்தாம் பாகம் 2009இல் முடிந்தது. எழுத்துகள் மிதந்து குழம்புவது பழங்கிரேக்கம் படிக்கப் பிறந்த மூளையின் அடையாளம், நிலைகொள்ளாமை போர்க்களத்தின் உள்ளுணர்வு என்று குறைகளை அவர் வரங்களாக்கினார். வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்தவர்களுக்கு அது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை ஆசிரியராக இருந்தவர் அறிந்திருந்தார்.

ஆனால் நம் பார்வையில் இத்தொடரின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. தெய்வத்துக்கும் மனிதருக்கும் பிறந்த பிள்ளைகள் தங்கும் லாங் ஐலண்ட் முகாமில் பன்னிரு குடில்கள். எவர் பிள்ளை என்று தெரியாதவர்கள் ஹெர்மிஸின் பதினோராம் குடிலில் தரையில் இடம்பிடித்து முடங்குகிறார்கள். என்றேனும் ஒருநாள் தலைக்கு மேல் ஒரு சின்னம் ஒளிரும், தந்தையோ தாயோ தன்னை ஏற்பார் என்ற காத்திருப்பு. பலருக்கு அது ஒளிர்வதேயில்லை. ஹெர்மிஸின் மகன் லூக் இந்தக் கசப்பினால்தான் குரோனோஸின் பக்கம் சாய்கிறான். தந்தையரால் புறக்கணிக்கப்பட்ட பிள்ளைகள், பெற்ற பிள்ளைகளையே விழுங்கிய தந்தையிடம் அடைக்கலம் தேடுகிறார்கள்! தொன்மத்தை வெறும் அலங்காரமாகக் கொண்ட ஒருவருக்கு இந்த முரண் தோன்றியிராது. இறுதியில் சாகாவரம் அளிக்கப்படும்போது பெர்ஸி அதை மறுத்து வேறொன்று கேட்கிறான்: பதின்மூன்று வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையையும் பெற்ற தெய்வம் ஏற்றாக வேண்டும்.

மகாபாரதம் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் கர்ணன் நினைவு வராமல் இராது. பேழையில் மிதந்த குழந்தைகள்தாம் இருவரும். ஆயின் பெர்சியஸோடு அவன் தாய் டானேயும் அதே பேழையில் அடைக்கப்பட்டாள். கர்ணன் தனியே மிதந்தான். இந்தத் தொடர்பை அமெரிக்கப் பதிப்புலகமே பின்னர் கண்டுகொண்டது எனலாம். ரையார்டன் பெயரில் டிஸ்னி தொடங்கிய நூல்வரிசையின் முதல் நூல், 2018இல் வந்த ரோஷனி சோக்‌ஷியின் 'ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்'. பாண்டவர்கள் அதில் சிறுமிகளாக மறுபிறவி எடுக்கிறார்கள்.

ரையார்டனிடமும் கத்தரிக்கோல் இல்லாமலில்லை. அதீனா கன்னித்தெய்வம் என்பதால் அவள் பிள்ளைகள் எண்ணத்திலிருந்து பிறக்கிறார்கள் என்று ஒரு சமாளிப்பு. மேற்குலகின் சுடர் கிரேக்கத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து அமெரிக்கா வந்தடைந்தது, ஒலிம்பஸும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் அறுநூறாம் மாடிக்குக் குடிபெயர்ந்தது என்பதை நாவல் கேள்வியின்றி ஏற்பது நமக்கு உறுத்துகிறது. மெடூசாவின் கதை இன்னும் தெளிவான சான்று. ஒவிடிடம் அவள் அதீனாவின் கோயிலில் கடல்தெய்வத்தால் பலவந்தப்படுத்தப்பட்டவள், தண்டனையும் அவளுக்கே. 2005 நாவலில் இது காதலர் சந்திப்பாகச் சுருங்கி, ஒரு நகைச்சுவையோடு கடந்துவிடுகிறது. 2023 டிசம்பரில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் மெடூசாவைச் சிறுவர்களோடு மேசையில் அமர்த்தி அவள் தரப்பைப் பேசவைக்கிறது. பதினெட்டாண்டில் கத்தரிக்கோலின் கை மாறிவிட்டது போலும்.

ஆனாலும் நாவலின் ஒரு முடிச்சை நாம் குறைத்து மதிப்பிட முடியாது. பழங்கதையில் டானேயை வற்புறுத்தி மணக்க முயலும் பாலிடெக்டஸ் அரசனை, பெர்சியஸ் மெடூசாவின் தலையைக் காட்டிக் கல்லாக்குகிறான். ஹாதார்ன் அந்த வற்புறுத்தலையும் நீக்கி, அரசன் அவளுக்கு ஏதோ தீங்கு நினைத்ததாக மழுப்பினார். ரையார்டனிடம் பாலிடெக்டஸ் இருக்கும் இடத்தில் வருபவன் பெர்ஸியின் தாய் ஸாலியை அடிக்கும் மாற்றாந்தந்தை கேப். மெடூசாவின் தலை இருக்கும் பெட்டி வீட்டிலேயே இருக்கிறது. மகன் கல்லாக்கிவிடவா என்று கேட்கிறான். ஸாலி வேண்டாம் என்கிறாள். அது தன் வாழ்க்கை, தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவனை முகாமுக்கு அனுப்புகிறாள். சில வாரங்களில் அவளிடமிருந்து கடிதம் வருகிறது. கேப்பைக் காணவில்லை, காவல்துறையிடம் புகார் கொடுத்திருக்கிறாள். 'சீட்டாட்டக்காரன்' என்ற ஆளுயரச் சிலை ஒன்றைக் கலைக்கூடம் வழியாக நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள்.