பாங்காக் போறீங்களா? டிக்கெட் போடும் முன் எடுக்க வேண்டிய முடிவுகள்!

``பாங்காக் போறேன்'' என்று சொல்லிப் பாருங்கள். நண்பர்கள் வட்டத்தில் ஒரு நமட்டுச் சிரிப்பு வரும். வீட்டிலோ, ``ஏன், வேற ஊரே கிடைக்கலையா?'' என்று கேட்பார்கள். ஆனால், அதே பாங்காக்கில் காலை எட்டரை மணிக்கு அரண்மனை வாசலில் போய் நின்றால், பாட்டி, பேரன், பேத்தி எனக் குடும்பம் குடும்பமாக வரிசையில் நிற்பவர்களைத்தான் பார்க்க முடியும்.

சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் மூன்றரை மணி நேரம். நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரம். 2023 நவம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமலே போகலாம் என்றது தாய்லாந்து. 2024-ல் மட்டும் 20 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் அந்த நாட்டுக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

திரும்பி வந்தவர்களிடம் கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். ``சூப்பர் ஊருங்க, மறுபடியும் போகணும்'' என்பது ஒரு கட்சி. ``ஒரே டிராஃபிக், ஏமாத்துறாங்க, சாப்பாடும் செட் ஆகலை'' என்பது இன்னொன்று. இத்தனைக்கும் இரண்டு பேரும் செலவழித்த தொகை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். எங்கே வித்தியாசம் வருகிறது? பெரும்பாலும், ஊரில் கால் வைக்கும் முன்பே எடுத்த சில சின்னச் சின்ன முடிவுகளில்தான்.

எந்த மாதம் போவது?

பாங்காக் அரண்மனை வளாகத்தில் மரகத புத்தர் இருக்கிறார். பெயர்தான் மரகதம், சிலை பச்சை நிற ஜேட் கல்லில் செதுக்கியது. உயரம் வெறும் 66 செ.மீ. அந்தச் சிலைக்குக் கோடை, மழை, குளிர் என மூன்று பருவத்துக்கு மூன்று உடைகள். பருவம் மாறும்போது அந்நாட்டு மன்னரே உடை மாற்றுவது வழக்கம். புத்தருக்கே அப்படியென்றால், நாம் பார்க்க வேண்டாமா?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலும் புழுக்கமும் குறைவு. கூட்டமும் ஹோட்டல் வாடகையும் அதிகம். ஜனவரி, பிப்ரவரியில் காற்று மாசு கூடும் நாள்களும் உண்டு, ஆஸ்துமா உள்ளவர்கள் மாஸ்க் கொண்டு போவது நல்லது. மார்ச் முதல் மே வரை சுட்டெரிக்கும். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், செப்டம்பரில் மழை உச்சம். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும் என்பதால், பட்ஜெட் பார்ப்பவர்கள் இந்த மாதங்களைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

நம் ஊரில் பள்ளி விடுமுறை என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் போகும் குடும்பங்கள்தான் அதிகம். அப்படிப் போனால் ஏப்ரல் 13 முதல் 15 வரையிலான சோங்க்ரான் பண்டிகையை மனதில் வையுங்கள். சூரியன் மேஷத்தில் நுழைவதை வைத்து வரும் புத்தாண்டு, நம் சித்திரை ஒன்றின் பங்காளி. தெருவெல்லாம் தண்ணீர் பீய்ச்சி அடிப்பார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கைக்குழந்தையுடனோ, வயதானவர்களுடனோ போகிறவர்களுக்குத் திண்டாட்டம்.

ரூம் எங்கே?

பலரும் சறுக்கும் இடம் இது. ஓர் இரவுக்கு 500 ரூபாய் குறைவு என்று ரயில் நிலையத்திலிருந்து தள்ளி ரூம் போடுவார்கள். அந்த 500 ரூபாயை முதல் நாளே டாக்ஸி தின்றுவிடும். கூடவே இரண்டு மணி நேரமும் போய்விடும். பாங்காக்கில் மாலை நேர டிராஃபிக்கில் மாட்டினால் நடந்து போகிறவர் நம்மை முந்திவிடுவார்.

அதனால் ஹோட்டலுக்கு எத்தனை ஸ்டார் என்று பார்ப்பதற்கு முன், `ஸ்கை ட்ரெயின் ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை?' என்று பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் இருந்தால் நல்லது.

* சியாம்: இரண்டு ஸ்கை ட்ரெயின் பாதைகள் சந்திக்கும் இடம். சுற்றிலும் மால்கள். வாடகை கொஞ்சம் கூடுதல்.
* பிரதுநாம்: துணி மொத்த வியாபாரம் நடக்கும் ஏரியா. இந்திய உணவகங்கள் நிறைய. ஆனால், சாலை நெரிசலும் நிறைய.
* சீலோம், சாத்தோர்ன்: ரயிலும் உண்டு, ஆற்றுப் படகுத்துறையும் பக்கம்.
* பழைய நகரம், காவ் சான் ரோடு: அரண்மனைக்குப் பக்கம், வாடகை குறைவு. ஸ்கை ட்ரெயின் கிடையாது. காவ் சான் ரோட்டில் இரவில் பாட்டுச் சத்தம் தூங்க விடாது.
* சுகும்வித்: அசோக் ஸ்டேஷன் பக்கம் என்றால் ஸ்கை ட்ரெயின், மெட்ரோ இரண்டும் கிடைக்கும்.

அந்த நமட்டுச் சிரிப்புக்குக் காரணமான இரவு விடுதிகள் ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை. சுகும்வித்தில் நானா, சோய் கவ்பாய், சீலோமில் பட்போங் என்று சில சந்துகளில்தான் அடர்த்தியாக இருக்கின்றன. பகலில் போய்ப் பார்த்தால் சாதாரணத் தெருவாகத்தான் தெரியும். குடும்பத்தோடு போகிறவர்கள் மேப்பில் இந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டு, நாலு தெரு தள்ளி ரூம் போட்டால் போதும். பாங்காக்கையே ஒதுக்க வேண்டியதில்லை.

ரயில், படகு, அப்புறம்தான் டாக்ஸி

2006-ல் திறந்த சுவர்ணபூமி விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 30 கி.மீ தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ஏர்போர்ட் ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் ஃபாயா தாய் ஸ்டேஷன். அதிகபட்சக் கட்டணமே 45 பாட்தான். டாக்ஸி என்றால் மீட்டர் கட்டணத்துக்கு மேல் 50 பாட் ஏர்போர்ட் கட்டணமும், வேகச் சாலையில் போனால் டோலும் சேரும். நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் டாக்ஸி சரி. ஒருவர், இருவர் என்றால் ரயில்.

ஊருக்குள் சாவ் பிரயா ஆறுதான் சிறந்த நெடுஞ்சாலை. சபான் தக்சின் ஸ்டேஷனில் இறங்கினால் கீழேயே சாத்தோர்ன் படகுத்துறை. டூரிஸ்ட் படகு என்று தனியாக ஒன்று உண்டு, கட்டணம் அதிகம். உள்ளூர் மக்கள் போகும் ஆரஞ்சுக் கொடி படகில் ஏறினால் சில்லறைக் காசில் அரண்மனை, வாட் போ, வாட் அருண் என எல்லாம் கைக்கெட்டும் தூரம். படகு வேண்டாமென்றால், 2019-ல் திறந்த சனாம் சாய் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து வாட் போ கோயிலுக்கு நடந்தே போகலாம்.

டாக்ஸியில் ஏறும் முன் ``மீட்டர்?'' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மறுத்தால் அடுத்த டாக்ஸி. டுக் டுக்கில் மீட்டர் கிடையாது. ஏறும் முன்பே பேரம் பேசிவிட வேண்டும். கிராப் போன்ற ஆப்கள் போனில் இருந்தால் இந்தப் பேச்சுவார்த்தையே மிச்சம்.

``இன்னைக்கு பேலஸ் லீவு சார்!''

அரண்மனைக்குப் போகும் வழியில் நல்ல சட்டை போட்ட ஒருவர் சிரித்த முகத்தோடு வருவார். ``இன்று புத்த விசேஷம், அரண்மனை மூடியிருக்கிறது. மதியம்தான் திறப்பார்கள். அதுவரை 20 பாட்டுக்கு இந்த டுக் டுக்கில் நாலு கோயில் பார்த்து வாருங்கள்'' என்பார். ஏறினால், ஒரு கோயிலுக்கு அடுத்து கல் நகைக்கடை, அதற்கடுத்து தையல் கடை. `ஊரில் மூன்று மடங்கு விலைக்கு விற்கலாம்' என்று சொல்லித் தலையில் கட்டப்படும் கற்களுக்கு, ஊருக்கு வந்து பார்த்தால் மதிப்பே இருக்காது. பல பத்தாண்டுகளாக நடக்கும் நாடகம் இது. இன்றும் ஆள் விழுகிறார்கள்.

அரண்மனை காலை 8.30 முதல் மதியம் 3.30 வரை திறந்திருக்கும். வெளிநாட்டவருக்கு டிக்கெட் 500 பாட். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். மூடியிருக்கிறதா, இல்லையா என்பதை வாசல்வரை போய், டிக்கெட் கவுன்ட்டரில் மட்டும் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் 1155-க்கு போன் செய்யலாம். சுற்றுலாப் பயணிகளுக்கென்றே இருக்கும் டூரிஸ்ட் போலீஸின் எண் அது.

பேக்கேஜ் ஏன் அவ்வளவு மலிவு?

`பட்டாயா இரண்டு இரவு, பாங்காக் இரண்டு இரவு' பேக்கேஜ் நம் ஊரில் மிகப் பிரபலம். மொழி தெரியாதவர்களுக்கும் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கும் இது உண்மையிலேயே வசதி. ஆனால், விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். அந்தக் குறைவை யாரோ ஈடு கட்டத்தான் வேண்டும். எங்கே? கடைகளில். பஸ்ஸை நகைக்கடையில், லெதர் கடையில் நிறுத்தி, நாம் வாங்கும் பொருளில் கமிஷன் எடுப்பார்கள். `ஜீரோ டாலர் டூர்' என்று பெயர் வாங்கிய இந்த முறையின் மீது 2016-ல் தாய்லாந்து அரசே கடும் நடவடிக்கை எடுத்தது.

பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ``எத்தனை கடைகளில் நிறுத்துவீங்க? அங்க இறங்காம இருக்கலாமா? ஹோட்டல் பேர் என்ன, எந்த ஸ்டேஷன் பக்கம்?'' எழுத்தில் பதில் வராத பேக்கேஜ் வேண்டாம்.

சைவக்காரர்கள் என்ன செய்வது?

தாய் சமையலின் உயிர்நாடி மீன் சாஸ். காய்கறி மட்டும் போட்டது போலத் தெரியும் பப்பாளி சாலட்டிலும் அது இருக்கும், காய்ந்த இறாலும் இருக்கும். `வெஜிடேரியன்' என்று சொன்னால் கறித்துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிற கடைகளும் உண்டு. அதற்குப் பதில் `ஜே' என்ற ஒற்றைச் சொல்லை மனப்பாடம் செய்யுங்கள். கறி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காத, பூண்டுகூட இல்லாத உணவு. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து, பார்க்க `17' போலவே இருக்கும். கடை வாசலில் அதைப் பார்த்தால் தைரியமாக நுழையலாம். அக்டோபரை ஒட்டி வரும் சைவத் திருவிழாவில் சைனா டவுன் முழுக்க இந்தக் கொடிதான்.

இட்லி, தோசைக்கு ஏங்கினால் சீலோம் பக்கம் போகலாம். வட இந்திய உணவுக்கு பஹுரத். மாம்பழம், தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டு அரிசிச் சாதத்துக்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை.

நமக்கு மட்டும் தெரியும் பாங்காக்

சீலோம் சாலையில் கோபுரத்தோடு நிற்கிறது மகா மாரியம்மன் கோயில். 19-ம் நூற்றாண்டில் அங்கு குடியேறிய தமிழர்கள் கட்டியது. இன்று அங்கே கையில் சாமந்தி மாலையோடு நிற்பவர்களில் பெரும்பாலானோர் தாய் மக்கள். விஜயதசமி இரவில் அம்மன் ஊர்வலத்துக்காக அந்தப் பெரிய சாலையே போக்குவரத்தை நிறுத்திவிட்டு வழிவிடும்.

பழைய நகரில் சிவப்புத் தூண்களோடு ஒரு ராட்சத ஊஞ்சல் நிற்கிறது. 1784-ல் அமைத்தது. அரசவை பிராமணர்கள் நடத்தும் `திரியம்பாவாய்' சடங்கின்போது அதில் ஊஞ்சலாட்டம் நடக்கும். 1935-க்குப் பிறகு ஆட்டம் நின்றுவிட்டது. அந்தப் பெயர் நம் திருவெம்பாவையிலிருந்து போனது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பேக்கேஜ் பஸ் பெரும்பாலும் இங்கே நிற்காது. நாமாகத்தான் போக வேண்டும்.

திருத்த முடியாத தவறுகள்

ஹோட்டல் சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். கீழே உள்ளவற்றில் சறுக்கினால் மீள்வது கஷ்டம்.

* இ-சிகரெட்டுக்கு தாய்லாந்தில் தடை. தெருவில் விற்கிறார்களே என்று வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.
* மன்னர் குடும்பத்தை அவமதித்தால், ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டுகள்வரை சிறை. விளையாட்டுக்குக்கூட அந்தப் பேச்சு வேண்டாம்.
* ``சென்னையில ஒருத்தர் வந்து வாங்கிப்பார்'' என்று யார் பார்சல் கொடுத்தாலும் தொடாதீர்கள். பாங்காக்கிலிருந்து உயர் ரக கஞ்சா கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகள் அடிக்கடி வருகின்றன. `எனக்குத் தெரியாது' என்ற பதில் அங்கே எடுபடாது.
* `பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, டூரிஸ்ட்டாகவே வந்துவிடுங்கள்' என்று அழைத்தால் போகவே போகாதீர்கள். அப்படிப் போன இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவடி பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 2022-ல் மீட்கப்பட்டு வந்தவர்களில் தமிழர்களும் உண்டு.

கிளம்பும் முன் இன்னும் இரண்டு வேலைகள். விசா விதிகள் மாறக்கூடியவை என்பதால், டிக்கெட் போடும் அன்றே தூதரக இணையதளத்தைப் பாருங்கள். 2025 மே மாதத்திலிருந்து டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அரசு இணையதளத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் பிரின்ட் கையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. ஒருநாள் மாலை எந்தத் திட்டமும் இல்லாமல் தா தியன் படகுத்துறை பக்கம் போய் உட்காருங்கள். எதிர்க்கரையில் வாட் அருண் கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும். கொஞ்ச நேரத்தில் கோபுரத்தில் விளக்கு எரியும். ஊருக்கு வந்ததும் யாராவது நமட்டுச் சிரிப்போடு ``என்ன, பாங்காக்கா?'' என்று கேட்டால், அந்தப் படத்தைக் காட்டுங்கள்.