ராணியின் கவுனும் தாலிபானின் கண்மையும்

2017 ஆகஸ்ட். ஆப்கானிஸ்தானிலிருந்து அமெரிக்கப் படைகளை மொத்தமாகத் திருப்பி அழைத்துக்கொள்ளலாமா என்று அதிபர் டிரம்ப் யோசித்துக்கொண்டிருந்த நேரம். அவருடைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மெக்மாஸ்டர் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை எடுத்துக் காட்டியதாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. 1972-ல் காபூலில் எடுத்த படம் அது. குட்டைப் பாவாடை அணிந்த இளம்பெண்கள் தெருவில் நடந்து போகிறார்கள். ஒரு காலத்தில் இப்படி இருந்த நாடுதான், மறுபடியும் இப்படி ஆகலாம் என்பது ஆலோசகரின் வாதம்.

அதே மாதம், படைகள் அங்கேயே இருக்கும் என்று டிரம்ப் அறிவித்தார். ஒரு படத்தைப் பார்த்து மட்டும் யாரும் போரை நீட்டிக்க மாட்டார்கள்தான். ஆனால் போரை நீட்டிக்கும் பேச்சில் ஒரு பழைய புகைப்படத்துக்கு இடம் கிடைத்தது என்பதே கவனிக்க வேண்டிய விஷயம்.

அந்தப் பெண்கள் காபூலில் நடந்துகொண்டிருந்த காலத்தில் நாட்டின் வடமேற்கே என்ன நடந்தது? தொடர்ந்து மழை பொய்த்து, கோர், பாத்கிஸ் மாகாணங்களில் கொடும் பஞ்சம். 1971, 72-ல் பல்லாயிரம் பேர் பட்டினியால் செத்தார்கள். விவசாயிகள் ஆடுகளை விற்றார்கள், பிறகு நிலத்தை விற்றார்கள். நிவாரணமாக வந்த கோதுமை அதிகாரிகளைத் தாண்டி ஊருக்குள் வந்து சேரவில்லை. மன்னர் ஜாகிர் ஷா மீது மக்களுக்கு இருந்த மதிப்பைக் கரைத்ததில் அந்தப் பஞ்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1973 ஜூலையில் அவர் இத்தாலியில் இருந்தபோது, பெரியப்பா மகனும் முன்னாள் பிரதமருமான தாவூத் கான் ஆட்சியைக் கைப்பற்றினார். மன்னருக்காக அழ ஆள் அதிகம் இல்லை.

இணையத்தில் சுற்றிவரும் வண்ணப் படங்களில் நிறைய பில் போட்லிக் எடுத்தவை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், 1967-ல் யுனெஸ்கோ பணிக்காகக் காபூல் ஆசிரியர் கல்லூரிக்கு வந்தவர். பள்ளிச் சிறுமிகள், பஸ் நிறுத்தங்கள், பின்னால் பனி மூடிய மலை என எல்லாம் அழகு, எதுவும் பொய்யில்லை. ஆனால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கிராமத்தில் வாழ்ந்த நாட்டில், தலைநகரின் சில தெருக்களை வைத்து 'அன்றைய ஆப்கானிஸ்தான்' என்று தலைப்புப் போடுவது நியாயமில்லை. அதில் குற்றவாளி போட்லிக் அல்ல, தலைப்புப் போட்டவர்கள்.

புகைப்படக் கலை இந்த மண்ணில் பரவலாகத் தடம் பதித்ததே அன்னியப் படையோடுதான். அயர்லாந்தில் பிறந்து பஞ்சாபில் ஸ்டுடியோ நடத்திய ஜான் பர்க், 1878-ல் தொடங்கிய இரண்டாம் ஆங்கிலேய–ஆப்கன் போரின்போது கண்ணாடித் தகடுகளையும் ரசாயனப் பெட்டிகளையும் சுமந்துகொண்டு பிரிட்டிஷ் படையின் பின்னால் போனார். 1879 மே மாதம் கந்தமக் என்ற இடத்தில் அவர் எடுத்த படம் ஒன்றில் ஐந்து பேர் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். நடுவில் அமீர் யாகூப் கான். பக்கத்தில் பிரிட்டிஷ் அதிகாரி கவக்னாரி, அவருடைய உதவியாளர் ஜென்கின்ஸ். மறுபுறம் ஆப்கன் தளபதி தாவூத் ஷாவும் நிதி அமைச்சரும். அயலுறவு விவகாரங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை மே 26 அன்று அங்கேதான் கையெழுத்தானது.

செப்டம்பர் 3 அன்று, சம்பள பாக்கி கேட்டுக் கிளம்பிய ஆப்கன் சிப்பாய்கள் காபூலில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தைத் தாக்கினார்கள். கவக்னாரியும் ஜென்கின்ஸும் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் யாகூப் கான் பதவி துறந்தார். இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டு 1923-ல் இறந்தார். ஐந்து மாதம்கூட நிலைக்காத ஒரு ஏற்பாடு, பர்க்கின் கண்ணாடித் தகட்டில் மட்டும் கம்பீரமாக நிலைத்துவிட்டது.

ஒரு மன்னரின் அரியணையையே ஆட்டிப்பார்த்த படங்களும் உண்டு. 1927 டிசம்பரில் அமானுல்லா கானும் ராணி சொராயாவும் பம்பாய் வழியாக நீண்ட உலகப் பயணம் கிளம்பினார்கள். எகிப்து, இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், சோவியத் ரஷ்யா என்று போன இடமெல்லாம் ராஜ மரியாதை. ஐரோப்பியப் பத்திரிகைகளில் முகத்திரை இல்லாமல், கை தெரியும் கவுனில் சொராயாவின் படங்கள் வெளிவந்தன. அவற்றின் பிரதிகள் எப்படியோ எல்லைப்புறப் பழங்குடிகளிடம் கைமாறின. பரப்பியது ஆங்கிலேயர்தான் என்று ஆப்கானியர் பலர் இன்றும் சொல்வார்கள், நிரூபணம் இல்லை.

1928 கோடையில் திரும்பி வந்த அமானுல்லா சும்மா இருக்கவில்லை. பக்மானில் கூட்டிய லோயா ஜிர்கா சபைக்கு வந்த பழங்குடித் தலைவர்களைக் கறுப்புக் கோட்டும் தொப்பியும் அணிய வைத்தார். அப்படி எடுத்த குழுப் படங்களில் ஒருவர் முகத்திலும் சந்தோஷம் தெரியவில்லை. நவம்பரில் ஷின்வாரிப் பழங்குடியினர் கிளர்ந்தார்கள். 1929 ஜனவரியில் மன்னர் முடி துறந்தார். ராணியின் கவுன்தான் ஆட்சியைக் கவிழ்த்தது என்று கதையை முடிப்பது சுலபம். வரிச் சுமை, கட்டாய ராணுவச் சேவை, சிப்பாய்களின் மோசமான சம்பளம் ஆகியவற்றை விட்டுவிட்டால்தான் அந்தக் கதை நிற்கும்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1959 ஆகஸ்டில் சுதந்திர விழா மேடையில் அப்போதைய பிரதமர் தாவூத் கான், அமைச்சர்களின் மனைவியரை முகத்திரை இல்லாமல் உட்கார வைத்தார். ஆட்சேபித்த முல்லாக்களைச் சிறைக்கு அனுப்பினார். இம்முறை ராணுவம் அவர் கையில் இருந்தது. அமானுல்லாவுக்கு வாய்க்காதது அதுதான். 1965-ல் நான்கு பெண்கள் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்கள், குப்ரா நூர்ஜாய் சுகாதார அமைச்சரானார். ஆனால் 1970-ல் அதே காபூலில், முகம் மூடாத பெண்கள் மீது அமிலம் வீசப்பட்டது. அதைக் கண்டித்துப் பெண்கள் ஊர்வலம் போனார்கள். குட்டைப் பாவாடைப் படத்துக்கு இரண்டே ஆண்டுகள் முந்தைய சம்பவம் இது.

சரி, ஆப்கானியர் தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்ட படங்கள்? அதற்குத் தெருவோரம் போக வேண்டும். அரசு அலுவலக வாசலில் முக்காலி மேல் நிற்கும் மரப்பெட்டிதான் 'கம்ரா-எ-ஃபவ்ரி'. பெட்டிக்குள்ளேயே இருட்டறை. புகைப்படக்காரர் பக்கவாட்டில் இருக்கும் துணிக் குழாய் வழியாகக் கையை விட்டு, ஒளித்தாளை உள்ளிருக்கும் ரசாயனத் தட்டுகளில் கழுவுவார். வெளியே வருவது நெகட்டிவ். அதை லென்சுக்கு முன்னால் பலகையில் வைத்து மறுபடி படம் எடுத்தால் அசல் முகம் வந்துவிடும். பிலிமும் தேவையில்லை, மின்சாரமும் தேவையில்லை. 'தஸ்கிரா' எனும் அடையாளச் சான்றுக்காக வந்து நின்ற ஆட்டிடையர், சிப்பாய், மாணவர் என எல்லோரும் இந்தப் பெட்டிக்கு முன் உட்கார்ந்தவர்கள். எந்த வெளிநாட்டுப் பத்திரிகை அட்டையிலும் இடம்பெறாத முகங்கள். அட்டையில் இடம்பெற்றவருக்கு மட்டும் என்ன லாபம்? 1985-ல் உலகப் புகழ்பெற்ற பச்சைக் கண் அகதிச் சிறுமி, தன் படத்தை முதன்முதலில் பார்த்தது 2002-ல்தான்.

1996-ல் ஆட்சிக்கு வந்த தாலிபான்கள் உயிருள்ளவற்றைப் படம் எடுக்கக் கூடாது என்றார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் அரசு நடக்குமா? எனவே பாஸ்போர்ட் படத்துக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள். அந்த இடுக்கில் காந்தகார் ஸ்டுடியோக்கள் மூச்சுவிட்டன. 2001 இறுதியில் அங்கு போன ஜெர்மன் புகைப்படக்காரர் தாமஸ் ட்வோர்ஸாக், வாடிக்கையாளர்கள் விட்டுவிட்டு ஓடிய படங்களைக் கண்டெடுத்தார். எல்லாம் தாலிபான் வீரர்களுடையவை. கண்ணில் மை, கையில் துப்பாக்கி, அருகில் பூச்செண்டு, பின்னால் தீட்டிய ஓவியத் திரை, நண்பர்கள் இருவர் கைகோத்து நிற்கும் காட்சி, போதாததற்குக் கன்னத்தில் வண்ணத் தீட்டல். பாஸ்போர்ட்டுக்கு என்று வந்தவர்கள் உள்ளறையில் ரகசியமாக எடுத்துக்கொண்டவை. 2003-ல் அவை புத்தகமாக வந்தன. ஆப்கானிஸ்தானைப் பற்றி வந்த படத்தொகுப்புகளிலேயே அதிகம் பேசுவது அதுதான் என்பேன்.

2021 ஆகஸ்ட் 15 அன்று, அதிபர் மாளிகை மேசையைச் சுற்றித் துப்பாக்கியோடு அமர்ந்த தாலிபான்கள் உலகத் தொலைக்காட்சிகளுக்கு முகம் காட்டினார்கள். 2024 ஆகஸ்டில் அவர்கள் அரசு வெளியிட்ட ஒழுக்கச் சட்டத்தில், உயிருள்ளவற்றின் படங்களை வெளியிடக் கூடாது என்ற விதி திரும்பவும் வந்தது. பாஸ்போர்ட்டில் மட்டும் படம் அப்படியே இருக்கிறது.

(தொடரும்)