மவ்ஸிம்

ஆண்டுதோறும் நாளிதழ்கள் ‘மான்சூன்’ வரவை அறிவிக்கின்றன. இதனை ஆங்கிலச் சொல்லென்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இஃது அறபுக் கடலோடிகள் வழங்கிய ‘மவ்ஸிம்’ என்னும் சொல்லே. பரங்கியர் நாவில் ‘மொன்சாவ்’ எனத் திரிந்து, பின்னர் ஆங்கிலத்தை அடைந்தது.

‘வஸம’ என்னும் வினைக்குச் சூடிட்டு அடையாளம் செய்தல் என்பது பொருள். ஒட்டகம் இன்னாருடையது என அறிய இடும் சூட்டுக்குறி ‘வஸ்ம்’. திருக்குர்ஆனின் ‘அல்கலம்’ அத்தியாயம் 16ஆம் வசனத்தில் இவ்வேரிற் பிறந்த வினையையே காண்கிறோம். இவ்வாறு குறியிடப்பட்ட காலம் மவ்ஸிம் ஆயிற்று. உகாழ் சந்தை கூடும் நாட்களும் மவ்ஸிம். ஹஜ்ஜுக் காலமும் மவ்ஸிம். ஆகவே காற்றோ மழையோ இதன் முதற்பொருள் அன்று. இன்ன துறையிலிருந்து இன்ன நாளிற் பாய் விரிக்கலாம் என்னும் தவணையே கடலோடிகளுக்கு மவ்ஸிம். 15ஆம் நூற்றாண்டு மாலுமி இப்னு மாஜித் இத்தவணைகளைத் தம் நூலில் விரித்துரைக்கிறார். தவணை வரும்வரை எவரும் காத்திருக்க வேண்டியதுதான். சீனம் செல்லக் கருதிய இப்னு பதூதா கோழிக்கோட்டில் 3 மாதம் தங்கியது இதனாலேயே.

நம் தமிழிலோ ‘பருவம்’ என்கிறோம். கணுவைக் குறிக்கும் ‘பர்வன்’ என்ற வடசொல்லின் வழிவந்தது அது. அங்கே சூட்டுக்குறி, இங்கே கணு! காலத்தில் ஓரிடத்தைக் குறித்துக்கொள்ளும் எண்ணம் இரண்டிலும் ஒன்றே.

இராமநாதபுரக் கரையில் இக்குறியைக் கண்ணாற் காணலாம். வாடை வீசும் மாதங்களிற் பாம்பனுக்கு வடக்கே பாக்குக் கடல் கொந்தளிக்கும்; கச்சான் எழுந்தால் தெற்கே மன்னார்க் கடல் பொங்கும். இராமேசுவரத் தீவின் மீனவர் அதற்கேற்ப வடகடலுக்கும் தென்கடலுக்கும் மாறித் தொழில் செய்வர். இரு காற்றுக்கும் இடைப்பட்ட அமைதியிலேதான் முத்துச் சலாபம் நடைபெற்றது. ஏப்ரல் தொடங்கி மே நடுவரை என 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ குறித்தார்.

சீனக் கலங்கள் வாடையோடு வந்து கச்சானோடு மீண்டன; அறபுக் கலங்களுக்கு இது நேர்மாறு. ஒருவரைக் கொணர்ந்த காற்றே மற்றவரை வழியனுப்பியது. கீழக்கரையை அடுத்த பெரியபட்டினத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சீனப் பீங்கான் ஓடுகள் இப்போக்குவரத்துக்குச் சான்று.

1498இற் பரங்கியர் வந்தனர். சொல்லைக் கற்றதோடு நில்லாமற் கடலையும் தமதென்றனர். அவர்தம் ‘கார்த்தாஸ்’ என்னும் அனுமதிச் சீட்டின்றி ஓடிய கலங்கள் பறிமுதலாயின. தவணை வந்தும் துறையிற் கிடக்கும் நிலை மரக்கலராயர்க்கு நேர்ந்தது.

சொல் மட்டும் சீட்டின்றியே பயணம் செய்தது. உருதுவில் ‘மவ்ஸம்’, சுவாஹிலியில் ‘ம்சிமு’, மலாயில் ‘மூசிம்’. பினாங்கில் வாணிபம் செய்யும் நம்மவர் ஆண்டுதோறும் அதனைக் கேட்கின்றனர்: டுரியான் பழுக்கும் காலம் அங்கே ‘மூசிம் டுரியான்’.